நீருக்கு முந்திக்கொண்டவர்கள்

கதை எழுதுகிறவனுக்கு விபத்து வேண்டும். கப்பல் கவிழ்ந்தால் கதை உண்டு. பத்திரமாகக் கரை சேர்ந்தால் என்னத்தை எழுதுவது? சரித்திரம் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் எங்கள் கட்சிதான். விபத்து நேராமல் பார்த்துக்கொண்டவர்களின் பெயர் ஏடுகளில் ஏறுவதில்லை.

டெலிபோனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் டெலிபோன் நிலையங்கள் திறந்தார்கள் என்று சரித்திரம் சொல்லும். பிற்காலத்தில் காகிதம் சுற்றிய செம்புக் கம்பிகளை ஈயக் குழாய்க்குள் வைத்துப் பூமிக்கடியில் கொண்டு போனார்கள். காகிதம் நனைந்தால் பேச்சு நின்றுவிடும். ஆகையால் குழாய்க்குள் உலர்ந்த காற்றை அழுத்தி நிரப்பினார்கள். எங்காவது விரிசல் கண்டால், தண்ணீர் உள்ளே புகாதபடி காற்று வெளியே சீறும். நிலையத்தில் அழுத்தமானியின் முள் இறங்கும். சந்தாதாரர் புகார் செய்யுமுன்பே ஆட்கள் மண்வெட்டியோடு புறப்பட்டுவிடலாம்.

டெலிபோன்காரர்கள் அழுத்தத்தை ஏற்றி நீரைத் தடுத்தார்கள். நெய்வேலியில் அழுத்தத்தை இறக்கித் தடுக்க வேண்டியிருந்தது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரும்பொருள் வந்த கதை பலருக்கும் தெரியும். 1957 மே 20-ஆம் தேதி நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததும் தெரியும். நிலக்கரிக்கு அடியில் கிடந்த பூதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அடைபட்டிருந்த நீர், சதுர செண்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேலே உந்திக்கொண்டிருந்தது. மேல்மண்ணை மட்டும் வாரி எடுத்திருந்தால், அது சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு பொங்கியிருக்கும். ஆகவே ஆழ்கிணறுகள் இறக்கி, நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே 1961 ஆகஸ்டில் நிலக்கரியை எட்டினார்கள். அந்த இறைப்பு இன்றும் இரவு பகலாக நடக்கிறது. தீபாவளி, பொங்கல் என்று பம்புகளுக்கு விடுமுறை கிடையாது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. சுற்று வட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. குடியானவர்கள் சொல்லும் குறையில் நியாயம் உண்டு. தண்ணீரைக் கண்டு பயந்து இறைக்கிறவர்கள், அதே தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

1962-ல் நெய்வேலி மின்சாரம் பிறந்தது. அதற்குப் பின் விசேஷமே இல்லாத இரவுகள் எத்தனையோ! அவை தாமாக வந்தவை அல்ல. யாரோ ஒருவர் நள்ளிரவில் விழித்திருந்து, பம்பின் ஓசை மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அவரை வைத்து என்னால் கதை பண்ண முடியவில்லை. ஆனால் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு நான் கதை எழுதுவது அவர் தயவில்தான்.