மரத்துக்கு உரியதும் மரம் போன்றதும்: இலத்தீன் தாவரப் பெயரடைகளின் பொருள் வரலாறு

இலத்தீன் மொழியில் மரப்பெயர்கள் ‘-எயுஸ்’, ‘-நுஸ்’, இவ்விரண்டும் இணைந்த ‘-நெயுஸ்’, ‘-ஆக்கெயுஸ்’ முதலிய விகுதிகளை ஏற்றுப் பெயரடைகள் ஆகின்றன. ஓக் மரத்தைக் குறிக்கும் ‘குவெர்குஸ்’ என்பதிலிருந்து ‘குவெர்னெயுஸ்’ என்பதும், பாப்ளர் மரத்தைக் குறிக்கும் ‘போபுலுஸ்’ என்பதிலிருந்து ‘போபுல்னெயுஸ்’ என்பதும் இவ்வாறு தோன்றியவை. முதலெழுத்துக் குறிலாயின் ‘பொபுலுஸ்’ என்பது மக்களைக் குறிக்கும் வேறு சொல். உரோமானிய எழுத்துமுறை பொதுவாகக் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டாமையின் இவ்விரண்டும் மயங்குதற்கு இடமுண்டு.

இப்பெயரடைகள் தொடக்கத்தில் உரிமைப் பொருளையும் ஆக்கப் பொருளையும் உணர்த்தின. கி.மு. 160 அளவில் கேட்டோ இயற்றிய வேளாண் நூல், எருதுகளுக்கு இடவேண்டிய தழைகளை எல்ம், பாப்ளர், ஓக், அத்தி என மரவாரியாகக் கூறுகிறது. தழையைக் குறிக்கும் ‘ஃப்ரோன்ஸ்’ பெண்பாற் சொல்லாதலின் பெயரடையும் பெண்பால் ஒருமையில் இரண்டாம் வேற்றுமை ஏற்றுப் ‘போபுல்னெயம்’ என நிற்கிறது. பெயரடை தனக்கு மூலமான மரப்பெயரின் பாலைப் பெறாது, தான் தழுவும் பெயரின் பாலையே பெறும் என்பது விதி.

1753இல் லின்னேயஸ் பூவரசுக்கு ‘ஹிபிஸ்கஸ் பாப்புல்னியஸ்’ எனப் பெயரிட்டார். பூவரசு பாப்ளருக்கு உரியதன்று. அதன் இலையே பாப்ளர் இலையை ஒத்தது. இங்கு உரிமைப் பொருள் ஒப்புமைப் பொருளாக மாறியமை நோக்கத்தக்கது. 1807இல் கொர்ரேயா இதனைத் ‘தெஸ்பீசியா’ என்னும் பேரினத்துக்கு மாற்றியபோது, அச்சொல் பெண்பாலாதலின் பெயரடை ‘பாப்புல்னியா’ ஆயிற்று. ஆற்றுப்பூவரசின் பெயரிலும் இவ்வியைபு காணப்படுகிறது. லிண்டன் மரப்பெயராகிய ‘தீலியா’வின் வழிவந்த பெயரடை, ‘ஹிபிஸ்கஸ்’ என்பதனுடன் ‘டிலியேசியஸ்’ என ஆண்பாலிலும், ஃபிரைக்செல் 2001இல் அமைத்த ‘தாலிபரிட்டி’ என்பதனுடன் ‘டிலியேசியம்’ என இருபாலும் அல்லாத பாலிலும் வருகிறது.

புதிய தாவரங்களின் விளக்கவுரையை இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம் என்னும் விதி 2012 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும் பெயர்களில் பால் இயைபு விலக்கப்படவில்லை. ஆகவே அறிவியற் பெயரின் ஈற்றெழுத்து மாற்றத்தை எழுத்துப்பிழையாகக் கொள்ளுதல் தவறு; ‘பாப்புல்னியா’ என்பதை மக்களோடு தொடர்புபடுத்துதலும் பொருந்தாது. அயல்நிலத்து மரமொன்றின் இலைவடிவை நினைவூட்டும் சொல்லாகவே அது பூவரசின் பெயரில் நிற்கிறது எனலாம்.