அத்தானின் புளொப்பியும் பாமினியும்

போன மார்கழி அக்கா வீட்டு மேலறையைத் துப்பரவாக்கப் போனேன். தோர்ண்டன் ஹீத்தில் பிரிக்ஸ்டொக் றோட்டில் இருந்து உள்ளே இறங்குகிற தெரு. அத்தான் காலமாகி மூன்று வருசம். உடுப்புகளைக் கொடுத்தாயிற்று, கடதாசிகளில்தான் ஒருவரும் கை வைக்கவில்லை. ஹோம் ஒஃபீஸ் கடிதங்கள், குரொய்டன் லூனர் ஹவுசுக்கு அலைந்த காலத்துத் துண்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிஸ்கற் ரின். ரின்னுக்குள் பதினொரு புளொப்பி.

மருமகள் புளொப்பி வாசிக்கிற பெட்டி ஒன்றை எங்கேயோ வாங்கி வந்தாள். ஏழு திறந்தன. திறந்ததைப் பார்த்துவிட்டு, "மாமா, இது வைரஸோ?" என்றாள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறியும். முதல் வரியில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி.

"அது தமிழ்" என்றேன்.

"அப்பா தமிழிலைதான் எழுதினவர் எண்டு எனக்கும் தெரியும்..."

"இல்லையம்மா, அந்தச் சொல்லே 'தமிழ்' தான்."

பாமினியில் தட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜே விசையில் த, கே-யில் ம, பி-யில் விசிறி, ஓ-வில் ழ, அரைப்புள்ளியில் குத்து. கணனிக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்துத்தான், பாமினி அதன் மேல் தமிழ் முகமூடியைப் போட்டது. எழுத்துரு இல்லாத கணனியில் முகமூடி கழன்றுவிடும்.

தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்த நாடுகளில் வந்த பத்திரிகைகள், கல்யாண அழைப்பிதழ்கள், நினைவு மலர்கள் எத்தனையோ இந்த முகமூடியோடுதான் வெளிவந்தன. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு ஒழுங்கு. ரொரன்ரோவில் தட்டியது பாரிசில் திறக்காது. ஒருங்குறி என்கிற யூனிக்கோட்டின் முதற்பதிப்பு 1991இல் வந்தபோதே அதில் தமிழ் இருந்தது. இருந்து என்ன? விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரண வீட்டுக் கணனியில் அதைப் பார்க்க வழி இல்லை. அந்தப் பத்து வருச இடைவெளியில்தான் எங்கள் ஆட்கள் நாட்டைவிட்டு வந்து, வந்த கதையை எழுதத் தொடங்கினார்கள். எழுதியதெல்லாம் முகமூடிக்குள் போனது.

அந்த இடைவெளியை அடைத்தவர்கள் பெரிய கொம்பனிகள் அல்ல. சுவிஸில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாக விட்டார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல். பல நாடுகளில் இருந்தவர்கள் மின்னஞ்சலிலேயே சண்டை பிடித்து, சமாதானமாகி, தமிழும் ஆங்கிலமும் ஒரே எழுத்துருவில் இருக்கிற திஸ்கியை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் மாநாடு கூடித் தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டைத் தரமாக்கியது. (ஒன்றாகிறது என்றால் நமக்கு எப்போதும் ஒன்று கூடத்தான் செய்யும்.) தமிழக அரசு ஒருங்குறிக்கு ஆணை போட்டது 2010இல். அதற்குள் சனம் தானாகவே மாறிவிட்டிருந்தது.

மாறியதற்குக் காரணம் இரண்டு சின்னச் சாமான். ஒன்று, முகுந்தராஜின் எ-கலப்பை. 'அம்மா' என்று ஆங்கில விசையில் தட்டினால் அம்மா என்றே வரும். மற்றது, ஜேர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றி. மேல் பெட்டியில் பாமினியை ஒட்ட, கீழ்ப் பெட்டியில் ஒருங்குறி விழும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. பக்கத்தைச் சேமித்து உள்ளே திறந்தால் மாற்று அட்டவணை அப்படியே கண்முன் கிடக்கும், வேண்டுமானால் நீங்களே ஒரு வரி சேர்க்கலாம். 2005 தைப்பொங்கலோடு தொடங்கிய நூலகம் திட்டத்தின் ஆரம்ப மின்னூல்களை நான் வாசித்ததும் இப்படிப்பட்ட உபகரணங்களின் புண்ணியத்தில்தான்.

நான் லினக்ஸ் பக்தன் அல்ல. ஒருமுறை போட்டுப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. மூன்றாம் நாள் விண்டோசுக்கே திரும்பிவிட்டேன், மகனின் உதைபந்தாட்ட கேம் ஓடாதது இன்னொரு காரணம். 'திறந்த மூலம்' என்று ஆரும் பேசினால், காசு மிச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஏழு புளொப்பிதான் வித்தியாசத்தைக் காட்டியது.

அத்தான் பெற்றோல் செற்றில் இரவு வேலை. காலையில் வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, அவர்களின் கணனியில் ஊர்க்கதை தட்டினார். 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டுச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு முதல் நாள்வரை எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் ஆர் இருந்தார்கள் என்று வீடுவீடாக எழுதியிருந்தார். இதைத்தான் எழுதுகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பாமினியில் இருந்த நாலு புளொப்பியும் பத்து நிமிடத்தில் மாறின. மற்ற மூன்றும் மாறவில்லை. அவர் இடையில் காசு கொடுத்து ஒரு தமிழ் மென்பொருள் வாங்கியிருக்கிறார். பெயர் வேண்டாம். அதற்குச் சொந்த எழுத்துரு, சொந்த ஒழுங்கு, பூட்டு வேறு. விற்றவர்கள் இப்போது இல்லை, அந்த எழுத்துருவும் எங்களிடம் இல்லை. வீட்டுப் பட்டியலின் பின்பாதி அதற்குள்.

மருமகள்தான் வழி சொன்னாள். "மாமா, இந்த மாற்றிக்குள்ளை அட்டவணை இருக்குத்தானே. இதுக்கும் ஒண்டு எழுதுவம்." எப்படி? ஊர்ப்பெயர் நிச்சயம் வரும், அத்தானின் பெயர் வரும், 'வீடு' என்ற சொல் வரிக்கு வரி வரும். திரும்பத் திரும்ப வருகிற குறிகளை எண்ணி, ஒன்றொன்றாகப் பொருத்தினோம். ஐந்து சனிக்கிழமை. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும், எனக்கு நிரல் எழுத வராது. 'வீ' கிடைத்தது, அதில் இருந்து 'வீரசிங்கம்' கிடைத்தது, அதில் இருந்து 'ங்'.

அட்டவணை எழுதியவர் அதைப் பூட்டி வைத்திருந்தால் நாங்கள் எங்கே தொடங்கியிருப்போம்? காசுக்கு விற்றவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் வயிறு இருக்கிறது. கடையை மூடும்போது திறப்பை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்பதுதான் என் மனத்தாங்கல். இப்போது ஐபோனில் தமிழ் விசைப்பலகை கூடவே வருகிறது, எழுத்தும் ஒருங்குறி. ஆனால் படங்கள், குரல் பதிவுகள், குடும்பத்துக் கதையெல்லாம் ஏதோவொரு கொம்பனியின் செயலிக்குள்தான் கிடக்கின்றன. மருமகளிடம் இதைச் சொல்ல, "தெரியும் மாமா" என்று போனைத் திருப்பி வைத்தாள்.

கடைசியில் மிஞ்சியவை அருமையாக வருகிற எழுத்துகள். ஒரு வீட்டுக்கு நேரே முதலெழுத்து இல்லாமல் 'டாமணியக்கா' என்று வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்க, தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா எட்டிப் பார்த்தா.

"சூடாமணியக்காவடா. முட்டை விக்கிறவ. அவ வெளிக்கிடேல்லை, கோழியளை விட்டிட்டு வரமாட்டன் எண்டவ."

'சூ'வை அட்டவணையில் போட்டோம். வேறு ஆறு இடத்திலும் அது சரியாக விழுந்தது. திறக்காத நாலு புளொப்பியும் இன்னும் ரின்னுக்குள் இருக்கின்றன. பழைய ட்றைவ் ஏதாவது வாசிக்குமோ என்று பார்க்கிறோம்.