இஃப்லி சாலை விளையாட்டு வளாகம்

இஃப்லி சாலை விளையாட்டு வளாகம் இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு நகரில் அமைந்துள்ள, ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் முதன்மையான விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி வளாகம் ஆகும். ஒரு மைல் தொலைவு 4 நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் முதன்முதலாக ஓடி முடிக்கப்பட்டது இங்குள்ள ஓடுதளத்திலேயே ஆகும்.

அமைவிடமும் வசதிகளும்

வளாகம் நகரின் கிழக்குப் பகுதியில், மாக்டலன் பாலத்திலிருந்து தென்கிழக்காகச் செல்லும் இஃப்லி சாலையை ஒட்டி அமைந்துள்ளது. 400 மீட்டர் செயற்கைத் தளம் கொண்ட ஓடுபாதை, ரக்பி மைதானம், டென்னிஸ் ஆடுகளங்கள், உள்ளரங்கம், உடற்பயிற்சிக் கூடம், 25 மீட்டர் நீச்சல் குளம் ஆகியவை இங்கு உள்ளன. துடுப்புப் படகோட்டிகள் தரையிலேயே பயிற்சி பெறுவதற்கான தொட்டியும் உண்டு. மாணவர்கள், பணியாளர்கள் மட்டுமன்றிப் பொதுமக்களும் உறுப்பினராகலாம்.

வரலாறு

இங்கு ஓடுதளம் முதலில் 1876 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மூன்று சுற்றுகள் ஒரு மைலாகும் வகையில் இருந்த அத்தளம் மேடுபள்ளம் மிக்கது. மருத்துவ மாணவரான ரோஜர் பேனிஸ்டர் 1940களின் இறுதியில் பல்கலைக்கழகத் தடகளக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, அதற்குப் பதிலாக 440 கசம் சுற்றளவுள்ள புதிய தளம் அமைக்க முயற்சி எடுத்தார். நான்கு சுற்றுகள் சரியாக ஒரு மைல் ஆகும் அந்தத் தளமே பின்னர் அவரது சாதனைக் களமானது.

நான்கு நிமிட மைல்

1945 இல் சுவீடனின் குண்டர் ஹேக் நிறுவிய 4 நிமிடம் 1.4 விநாடி என்னும் உலக சாதனை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்தது. நான்கு நிமிடம் என்பது மனித உடலின் எல்லை எனவும் சிலர் கருதினர்.

1954 மே 6 அன்று பல்கலைக்கழக அணிக்கும் அமெச்சூர் தடகளச் சங்க அணிக்கும் இடையே போட்டி நடைபெற்றது. சங்க அணிக்காக ஓடவிருந்த பேனிஸ்டர், பலத்த காற்றின் காரணமாக முயற்சியைத் தள்ளிவைக்கவே எண்ணியிருந்தார். அருகிலுள்ள தேவாலயக் கோபுரத்துக் கொடியின் படபடப்புத் தணிந்ததைக் கண்ட பின்னரே ஓட முடிவு செய்தார். முதலில் கிறிஸ் பிராஷரும், பின்னர் கிறிஸ் சாட்டவேயும் முன்னே ஓடி வேகத்தைப் பேணினர். மூன்று சுற்றுகள் முடிந்தபோது 3 நிமிடங்கள் சற்றே கடந்திருந்தன. கடைசிச் சுற்றில் சாட்டவேயை முந்திய பேனிஸ்டர், அச்சுற்றை 59 விநாடிகளுக்கும் குறைவாக ஓடி, 3 நிமிடம் 59.4 விநாடியில் எல்லையைத் தொட்டுச் சரிந்தார். அறிவிப்பாளர் நாரிஸ் மக்வேர்ட்டர் நேரத்தை அறிவிக்கத் தொடங்கி, "மூன்று" என்றதுமே எழுந்த ஆரவாரத்தில் மீதி எவருக்கும் கேட்கவில்லை.

இச்சாதனை 46 நாட்களே நிலைத்தது. 1954 சூன் 21 அன்று பின்லாந்தின் துர்க்கு நகரில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதனை முறியடித்தார். எனினும் எல்லையை முதலில் கடந்த இடம் என்னும் சிறப்பு இவ்வோடுதளத்துக்கே உரியது.

பிற்காலம்

நிலக்கரிச் சாம்பல் துகள்கள் பரப்பிய பழைய தளம் பிற்காலத்தில் செயற்கைத் தளமாக மாற்றப்பட்டது. 2007 இல் ஓடுதளத்துக்கு ரோஜர் பேனிஸ்டரின் பெயர் சூட்டப்பட்டது. நரம்பியல் மருத்துவராகப் பணியாற்றிய அவர் 2018 மார்ச் 3 அன்று தமது 88 ஆம் வயதில் ஆக்சுபோர்டில் காலமானார்.