இரு சுடர்களுக்கு நடுவே

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது, கோவளம் தொடங்கித் தாம்பரம் வரையிலும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த இரவுகளில் நாம் அலமாரிகளைத் துழாவி மெழுகுதிரிகளைத் தேடி எடுத்தோம். பழைய அரிக்கேன் விளக்கை வீசி எறியாமல் வைத்திருந்த பாட்டிமார்களை வீட்டார் வாழ்த்தினார்கள். எண்ணெயிட்டு ஏற்றிய நற்கருணைப் பேழை விளக்கோ எந்தப் புயலையும் அறியாததுபோல் எரிந்துகொண்டிருந்தது.

புதிய ஒளி வந்தபின் பழைய ஒளியை என்ன செய்வது? அந்த இரவுகளில் நம்முள் எழுந்த இக்கேள்வி, நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே மேலைநாட்டு வீடுகளில் எழுந்தது. அதற்கு அவர்கள் கண்ட விடையையும், அந்த விடைக்குள் ஒளிந்திருந்த சிறு உறுப்பு ஒன்றையும் எண்ணிப் பார்ப்பது நமக்கும் பயன் தரும்.

கோவளத்தில் கடலை நோக்கி நிற்கும் கார்மேல் அன்னை ஆலயத்தை ஜான் டி மாண்டி என்னும் வணிகர் 1808ஆம் ஆண்டில் எழுப்பினார் என்பர். அதற்கு முந்திய ஆண்டில்தான், 1807 ஜனவரியில், இலண்டன் மாநகரின் பால்மால் தெருவில் நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்து மக்களை வியப்பில் ஆழ்த்தின. ஆயினும் அந்த வாயுவுக்கு அதனினும் மூத்த வரலாறு உண்டு. பெல்ஜிய நாட்டு லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் யான் பீட்டர் மிங்கலர்ஸ், ஆகாயக் கூண்டுகளை நிரப்ப ஏற்ற வாயுவைத் தேடியபோது நிலக்கரியிலிருந்து வாயு எடுத்தார். 1785இல் தம் வகுப்பறையையே அதனால் ஒளிபெறச் செய்தார். மாணவர்க்குப் பாடம் சொன்ன அறையில் பிறந்த ஒளி, இருபத்திரண்டு ஆண்டுகளில் மாநகரத் தெருவுக்கு வந்துவிட்டது.

நம் நாட்டில் அவ்வொளியை முதலில் பெருமளவில் கண்டது கொல்கத்தா. ஓரியண்டல் கேஸ் கம்பெனி 1857இல் அந்நகரத் தெருக்களில் வாயு விளக்குகளை ஏற்றியது. பம்பாய்த் தெருக்கள் 1865இல் அந்த ஒளியைப் பெற்றன. சென்னைத் தெருக்களையோ மண்ணெண்ணெய் விளக்குகளே நெடுங்காலம் காத்துவந்தன. நம் ஊர்த் தேர்பவனிகளில் தலைமேல் சுமந்துவந்த ‘கேஸ் விளக்கு’, பெயரளவில்தான் அந்த இனத்தைச் சேர்ந்தது. அதில் எரிந்தது அழுத்தத்தால் ஆவியாக்கிய மண்ணெண்ணெய். ஆனால் அதன் நடுவில் வெண்மையாய் ஒளிர்ந்த வலைக்கூடு, அதாவது மேண்டில், மெய்யாகவே வாயு விளக்கின் பிள்ளை. அதைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

மின்விளக்கு இந்தியாவுக்குத் தயங்கித் தயங்கியே வந்தது. 1879இல் கொல்கத்தாவில் அது காட்சியாகக் காட்டப்பட்டது. 1882இல் பம்பாயின் கிராபோர்டு சந்தையில் மின்னொளி எரிந்தது. அதை அளித்த நிறுவனம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. கொல்கத்தாவில் நிலையான மின்வழங்கல் 1899 ஏப்ரலில்தான் தொடங்கிற்று. ஆகவே வாயுவும் மின்சாரமும் ஒரே நகரில் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. அந்நகரின் தூய சவேரியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்த இயேசு சபைத் தந்தை யூஜின் லாஃபோன் இந்த மாற்றக் காலத்தின் மனிதர். பொதுமக்களுக்கும் சொற்பொழிவுகளால் புதிய அறிவியலை விளக்கியவர். ஜகதீஷ் சந்திர போஸ் அவருடைய மாணவர். மருத்துவர் மகேந்திரலால் சர்க்காருக்குத் துணைநின்று 1876இல் அவர் வளர்த்த அறிவியல் சங்கத்தில்தான் பின்னாளில் நம் தமிழ்நாட்டு சி.வி. இராமன் ஒளியை ஆராய்ந்தார்.

எடிசன் 1882 செப்டம்பரில் நியூயார்க்கில் தம் மின்நிலையத்தைத் திறந்தபோது, அங்கே வசதியுள்ளோர் வீடுகளில் வாயுக்குழாய்கள் ஏற்கெனவே சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தன. புதிய மின்சாரமோ அடிக்கடி நின்றது. வீட்டார் இரண்டையும் வேண்டினர். அவர்களுக்காக எழுந்ததே இணை விளக்கு. கூரையிலிருந்து ஒரே பித்தளைத் தண்டு தொங்கும். அதிலிருந்து கிளைகள் விரியும். சில கிளைகளின் நுனியில் வாயுச்சுடர் மேல்நோக்கி எரியும். மற்றவற்றில் மின்குமிழ் கீழ்நோக்கி ஒளிவீசும். தண்டின் உள்ளே வாயு, கூடவே மின்கம்பி.

இங்கேதான் இடர் புகுந்தது. வாயுக்குழாய் மண்ணுக்குள் புதைந்து வருவது. ஆதலால் அது பூமியோடு நேரே தொடர்புடையது. விளக்கின் குறுகிய தண்டுக்குள் நெருக்கித் திணித்த கம்பியின் மேலுறை, காலப்போக்கில் உராய்ந்து கிழியும். அம்மணமான கம்பி பித்தளையைத் தொட்டதும் மின்சாரம் குழாய்வழியே மண்ணை நாடி ஓடும். தொட்ட இடத்தில் தீப்பொறி எழும். அப்பொறி மெல்லிய பித்தளைக் குழலைத் துளைத்துவிட்டால் உள்ளிருக்கும் வாயு வெளிவரும். அதே பொறி அதைப் பற்றவைக்கும். வீட்டுக்கு ஒளிதரத் தொங்கவிட்ட விளக்கே வீட்டைக் கொளுத்திவிடக்கூடும்.

இதைத் தடுக்கக் கண்டதே மின்காப்பு இணைப்பு. தொழிலாளர் மொழியில் இன்சுலேட்டிங் ஜாயின்ட். கையளவுள்ள சிறு உறுப்பு. அதன் மேற்பாதி கூரையிலுள்ள வாயுக்குழாயின் மரையில் முடுக்கப்படும். கீழ்ப்பாதி விளக்கைத் தாங்கும். இரு பாதிகளும் உலோகம். ஆனால் ஒன்றையொன்று தொடா. இடையில் மைக்கா போன்ற மின்காப்புப் பொருள். நடுவே ஒரு துளை. அதன்வழியே வாயு தடையின்றி இறங்கும். மின்சாரமோ கடக்க இயலாது. விளக்கின் முழு எடையையும் அது தாங்கவேண்டும். வாயு கசியவும் கூடாது. மைக்காவை நம் முன்னோர் காக்காப்பொன் என்றழைத்தனர். அந்நாளில் உலகத்தின் மைக்காத் தேவையில் பெரும்பகுதியை நிறைவுசெய்தது இந்தியாதான். இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மாவும், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டமும் அதன் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றவை.

அமெரிக்காவில் 1897இல் முதன்முதலாக வெளிவந்த தேசிய மின்விதித் தொகுப்பைச் சார்ந்த விதிகள் இவ்வுறுப்பைக் கண்டிப்பாகக் கேட்டன. வாயுவால் அரிக்கப்படாத பொருளால் ஆகவேண்டும். வாயுச்சுடரின் வெப்பத்தில் இளகக் கூடாது. ஈரம் படிந்தாலும் காப்பு கெடக் கூடாது. இரு முனைகளுக்கிடையே மின்தடை 2,50,000 ஓமுக்குக் குறையக் கூடாது. கூரையோடு ஒட்டி உறுப்பை மறைக்கும் கவிழ்ந்த கிண்ணம் போன்ற பித்தளை மூடியைக்கூடச் சும்மா விடவில்லை. அது கூரையின் உலோகத்தைத் தொட்டு, காத்ததையெல்லாம் வீணாக்கிவிடலாமே! அழகுக்காக வைத்த மூடிக்கும் தனிக்காப்பு வேண்டப்பட்டது. காணும் விளக்கைப் புகழ்ந்தவர் பலர். காணாத உறுப்பைச் சோதித்தவர்களாலேயே வீடுகள் பிழைத்தன.

வாயு விளக்கு எளிதில் தோற்கவில்லை. ஆஸ்திரிய அறிவியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், 1885 முதல் உருவாக்கிய மேண்டிலை 1890களில் தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு 1 பங்கும் கொண்டதாகச் செம்மைப்படுத்தி, அவ்விளக்குக்குப் புத்துயிர் தந்தார். அந்தத் தோரியம் நமக்கு அந்நியமானதன்று. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூர்க் கயிற்றோடு ஒட்டிவந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அதன் ஊற்றைத் தேடி வந்தார். இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அதை அடைந்தார். கத்தோலிக்க மீனவர் வாழும் அக்கடற்கரையின் கருமணல், தொலைநாட்டு அறைகளில் மேண்டிலாகி ஒளிர்ந்தது. ஒரு விளக்கின் மைக்காவுக்கும் மேண்டிலுக்கும் பின்னே யாரோ பெயரறியாத கைகள் உழைத்தன. நாம் ஏற்றும் ஒவ்வொரு விளக்குக்கும் அப்படிப்பட்ட கைகள் உண்டு.

இதே ஆண்டுகளில் நம் திருச்சபையும் இதேபோன்றதொரு கேள்வியை எதிர்கொண்டது. மின்விளக்கை ஆலயத்துக்குள் அனுமதிக்கலாமா? 1895 ஜூன் 4ஆம் நாள் உரோமைத் திருவழிபாட்டுப் பேராயம் விடையளித்தது. இருளை நீக்கி ஆலயத்தை ஒளிபெறச் செய்ய மின்விளக்கைப் பயன்படுத்தலாம்; ஆனால் வழிபாட்டுக்குரிய சுடருக்குப் பதிலாக அன்று; நாடகமேடைத் தோற்றம் தருவதாகவும் இருத்தலாகாது. இதைப் பழைமைவாதம் என்று எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால் உற்று நோக்கினால் இதுவும் ஒரு மின்காப்பு இணைப்பே. புதியதை விலக்கவில்லை, பழையதை எறியவில்லை. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கட்டும். ஒன்றின் ஆற்றல் மற்றதன் பணிக்குள் பாயவேண்டாம் என்று, இடையில் மெல்லிய காப்பு ஒன்றை வைத்தது. மெழுகுதிரி தன்னைக் கரைத்து எரிகிறது. மின்குமிழ் பொத்தானுக்குக் கட்டுப்பட்டு எரிகிறது. காண்பதற்கு இரண்டும் ஒளிதான். சொல்வது வேறு வேறு. இன்றும் நற்கருணைப் பேழையருகில் தனி விளக்கு இடைவிடாது எரியவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 940ஆம் எண்ணில் கூறுகிறது. எண்ணெயாலோ மெழுகாலோ அது எரிவதே முறை என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும் அறிவுறுத்துகிறது.

ஆயினும் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. வாயு விளக்குகள் மெல்ல மறைந்தன. இணை விளக்கும் தன் தேவையை இழந்தது. அதனோடு பாதுகாப்பைப் பற்றிய எண்ணமே தலைகீழாக மாறிற்று. விளக்கின் உலோக உடலை மண்ணிலிருந்து பிரித்துவைப்பதே காப்பு என்று முன்னர்க் கருதினர். ஆனால் பிரித்துவைத்த உலோகத்தில் கம்பி பட்டுவிட்டால், அங்கே மின்சாரம் ஓசையின்றித் தங்கியிருக்கும். அறியாமல் தொடும் கையையே தன் வழியாகக் கொள்ளும். அதைவிட அவ்வுலோகத்தை மண்ணோடு உறுதியாக இணைத்துவிட்டால், பழுது ஏற்பட்ட உடனே மின்சாரம் மண்ணுக்கு ஓட, ஃபியூஸ் எரிந்து இணைப்பு அறுபடும். பழுது மறைந்திருக்க இடமிராது. நாம் வீட்டில் ‘எர்த்’ என்று சொல்லும் மூன்றாவது கம்பியின் தத்துவம் இதுவே. வாயுக்குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தலாகாது என்ற விதி மட்டும், அந்தப் பழைய அச்சத்தின் நினைவாக இன்றும் நிற்கிறது.

மின்காப்பு இணைப்பும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. வேறு பணி ஏற்றது. எண்ணூரில் 2019இல் திரவ இயற்கைவாயு முனையம் திறக்கப்பட்டபின் சென்னைப் பகுதியிலும் குழாய்வாயு வீடுகளை நோக்கி வருகிறது. மண்ணுக்குள் செல்லும் எஃகுக் குழாயைத் துருவிலிருந்து காக்க, மக்னீசியம் போன்ற உலோகத்துண்டை அதனோடு இணைத்துப் புதைப்பதுண்டு. அத்துண்டு தான் கரைந்து குழாயைக் காப்பதால் பொறியாளர் அதைத் தியாக மின்வாய் என்கின்றனர். அந்தக் காப்பு மின்னோட்டம் வேண்டாத இடத்துக்குச் சிதறாதபடி, குழாய் மண்ணைவிட்டு மேலெழும் எல்லைகளில் மின்காப்பு இணைப்புகள் நிற்கின்றன. நூற்றாண்டுக்கு முன் கூரையில் தொங்கிய உறுப்பு இன்று தெருவோரத்தில் அதே கடமையைச் செய்கிறது: வாயுவை விடு, மின்சாரத்தை நிறுத்து.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது யாது? மாற்றக் காலத்தில் வாழ்பவர்க்கு இரு சோதனைகள் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்துவிடுவது ஒன்று. புதியதற்குக் கதவடைப்பது மற்றொன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் இலத்தீன் வழிபாடு தமிழாக மாறிய ஆண்டுகளை நம்முள் மூத்தோர் அறிவர். அன்று சிலர் கலங்கினர். சிலர் பழைய பாடல்களையும் செபங்களையும் தேவையின்றி எறிந்தனர். பழைய இராகத்தைக் காத்துப் புதிய சொற்களைக் கற்பித்த உபதேசியார்களும் பாடகர் குழுத் தலைவர்களுமே நம் பங்குகளைக் காத்த இணைப்புகள். அவர்கள் பெயர்கள் கல்வெட்டில் இல்லை. பித்தளை மூடிக்குள் மறைந்த உறுப்பைப்போல் எடையைத் தாங்கினர்.

இன்னொன்றும் உண்டு. பிரித்துவைப்பது ஒரு காலத்தின் ஞானம். மண்ணோடு இணைவது முதிர்ந்த காலத்தின் ஞானம். நம் குறைகளைப் பிறர் அறியாதபடி காப்பிட்டு மறைத்தால், அவை தங்கியிருந்து நம்மைத் தொடுவோரையே தாக்கும். தாழ்ச்சியோடு மண்ணைத் தொட்டு நிற்பவரிடத்தில் குறை விரைவில் வெளிப்படும், விரைவில் திருத்தவும் படும். ஒப்புரவு அருட்சாதனத்தின் பயனும் அதுதானே!

ஜூலை 16இல் கார்மேல் அன்னையின் திருநாள். நம் பங்குகளில் விழா வரும்போதெல்லாம் கொடிமரத்திலும் இரும்புத் தேரிலும் வண்ண மின்விளக்குச் சரங்களைச் சுற்றுகிறோம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் கம்பியின் உறையை அரிப்பதை எத்தனை பேர் எண்ணுகிறோம்? தேரை இழுக்கும் இளைஞர்களின் கைகள் அவ்விரும்பின்மேல்தான் இருக்கின்றன. எர்த் கம்பி உறுதியாக உள்ளதா, கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பொறி உள்ளதா என்று தேர் புறப்படுமுன் ஒருவர் சோதித்துப் பார்ப்பாராயின், அதுவும் அன்னைக்குச் செலுத்தும் வணக்கமே. தேர்மேல் எரியும் ஒளியை ஊரார் காண்பர். அதன் அடியில் குனிந்து கம்பியைச் சரிபார்க்கும் மனிதரை இறைவன் காண்பார்.