நிலவுக்கல்லை முதலில் திருடியது யார்?

துப்பறியும் கதை என்றால் ஷெர்லாக் ஹோம்ஸில் தொடங்கு என்பார்கள். நான் தொடங்கியது ஹோம்ஸுக்கும் முந்திய ஒரு புத்தகத்தில்: வில்க்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்'. 1868-இல் சார்ள்ஸ் டிக்கன்ஸின் வார இதழில் தொடராக வந்தது.

இங்கிலாந்தில் ஒரு பெரிய வீடு. ரேச்சல் என்ற பெண்ணுக்கு 18-ஆவது பிறந்தநாள். இறந்துபோன மாமா விட்டுச்சென்ற மஞ்சள் வைரம் பரிசாக வருகிறது. அன்றிரவே காணாமல் போகிறது. லண்டனிலிருந்து சார்ஜன்ட் கஃப் வருகிறார். ரோஜாச் செடி என்றால் அவருக்கு உயிர். யாரை நம்புவது என்று நூறு பக்கம் தாண்டியும் எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது முதல் சில பக்கங்கள்தான். கதை தொடங்குவது 1799-இல், ஸ்ரீரங்கப்பட்டணத்தில். அந்த வருடம் மே 4-ஆம் திகதி பிரித்தானியப் படை கோட்டைக்குள் புகுந்தது. திப்பு சுல்தான் கொல்லப்பட்டார், நகரம் சூறையாடப்பட்டது. இவ்வளவும் வரலாறு. இனி நாவல்: அந்தக் கொள்ளையில் ரேச்சலின் மாமா, ஓர் ஆங்கில அதிகாரி, இரத்தம் சொட்டும் கத்தியோடு நிற்கிறார். வைரத்தைக் காத்த மூன்று இந்தியர்கள் சாய்ந்து கிடக்கிறார்கள்.

அந்த வைரம் கற்பனை; கொள்ளை கற்பனை அல்ல. திப்புவின் பொம்மைப் புலியை இன்றும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கோஹினூர் வைரம் 1849-இல் துலீப் சிங் என்ற பத்து வயது அரசனிடமிருந்து எடுக்கப்பட்டது. காலின்ஸே தன் முன்னுரையில் கோஹினூரைக் குறிப்பிடுகிறார்.

இந்தக் கதை வந்த காலத்தையும் கவனியுங்கள். 1857-இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தபோது இங்கிலாந்தே கொதித்தது. டிக்கன்ஸும் இந்தியர்கள்மேல் வெறுப்புக் கக்கிக் கடிதம் எழுதினார். பதினொரு வருடம் கழித்து அவருடைய இதழிலேயே, ஆங்கிலேயர்தான் முதல் திருடன் என்று தொடங்கும் கதை!

வைரத்தை மீட்க மூன்று பிராமணர்கள் வித்தைக்காரர் வேடத்தில் வருகிறார்கள். அது தொலைந்ததும் சந்தேகம் உடனே அவர்கள்மேல்தான் விழுகிறது. அன்றிரவு அவர்கள் தங்குமிடத்தில்தான் இருந்தார்கள் என்று தெரிந்தும், ஏதோ சாக்குச் சொல்லி ஒரு வாரம் அடைத்து வைக்கிறார்கள். தோற்றத்தை வைத்து நம்மைக் கடையில் பின்தொடரும் கண்களை அறிந்தவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும்.

இன்னொன்று. இந்த நாவலைப் பலர் மாறி மாறிச் சொல்கிறார்கள்: வீட்டு நிர்வாகி, வழக்கறிஞர், உறவுக்காரப் பெண். அந்த மூன்று பேருக்கு மட்டும் சொல்ல ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு நியாயம் செய்ய நினைத்த காலின்ஸும் அவர்களைப் பேச விடவில்லை.

முடிவை நான் சொல்லமாட்டேன், படித்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துப் படியுங்கள்: இந்தக் கதையில் திருட்டு இரண்டு. கஃப் துப்பறிய வந்தது இரண்டாவதுக்கு மட்டும்தான். முதலாவதுக்கு யாரும் பொலிஸைக் கூப்பிடவில்லை.