ரோஸ்ட் ஓவனுக்குள் போன கதை

ரோஸ்ட் என்றால் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது நெய் ரோஸ்ட் தோசைதான். அதற்கடுத்து மட்டன் ரோஸ்ட், அதாவது வாணலியில் மசாலா சுண்டச் சுண்டப் புரட்டி எடுப்பது. இங்கிலாந்துக்காரரிடம் இதைச் சொன்னால் குழம்பிப் போவார். அவருக்கு ரோஸ்ட் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓவனிலிருந்து வெளியே வருகிற ஒரு பெரிய இறைச்சித் துண்டும், அதைச் சுற்றி உருளைக்கிழங்கும்தான். வேடிக்கை என்னவென்றால், அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தாத்தா எழுந்து வந்து பார்த்தால், "இது ரோஸ்டே இல்லையே!" என்பார். அந்தக் காலத்தில் ஓவனில் வைத்தது 'பேக்' செய்த இறைச்சி. திறந்த நெருப்புக்கு முன்னால் கம்பியில் கோர்த்துச் சுற்றிச் சுற்றி வாட்டினால்தான் ரோஸ்ட். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் சமையல்காரருக்குக் கோபம் வரும்.

அப்படியானால் ரோஸ்ட் எப்போது, எதற்காக ஓவனுக்குள் போனது? நான் படிப்பது பி.காம். அதனால் எதைப் பார்த்தாலும் 'இதற்கு யார் செலவு செய்தார்கள்?' என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இந்தக் கதையில் அந்தக் கேள்வி நன்றாகவே வேலை செய்கிறது.

முதலில் கம்பி. நெருப்புக்கு மேலே அல்ல, நெருப்புக்கு முன்னால் என்பதைக் கவனியுங்கள். மேலே வைத்தால் கொழுப்பு தீயில் சொட்டிப் புகைந்துவிடும். முன்னால் வைத்தால் அது கீழே இருக்கும் தட்டில் விழும். அந்தத் தட்டில் மாவுக் கரைசலை ஊற்றி வைத்தால் சொட்டுகிற கொழுப்பிலேயே அது வெந்துவிடும். யார்க்ஷயர் புட்டிங் பிறந்தது இப்படித்தான். 1747ல் ஹான்னா கிளாஸ் எழுதிய சமையல் புத்தகத்தில் அந்தப் பெயரிலேயே வருகிறது. இறைச்சிக்கு முன்னால் அதைப் பரிமாறி வயிற்றைப் பாதி நிரப்பிவிட்டால், விலை கூடிய இறைச்சி கொஞ்சமே போதும். எவ்வளவு நல்ல கணக்கு பாருங்கள்!

ஆனால் கம்பியை யாராவது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டாம் ஹென்றியின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ராஜா வீட்டில் சரி, மற்றவர்கள்? நாயை வைத்துச் சுற்றினார்கள். நம்ப முடியவில்லைதானே? நீள உடம்பும் குட்டைக் காலும் கொண்ட ஒரு நாயைச் சுவரில் மாட்டிய மரச் சக்கரத்துக்குள் விட்டு ஓடவைப்பார்கள். சக்கரத்திலிருந்து கயிறு போய் கம்பியைச் சுற்றும். 1576ல் வந்த நாய்களைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்திலேயே இந்த நாய் பேசப்படுகிறது. பிறகு எடை இறங்கிச் சுற்றும் இயந்திரங்களும், புகைபோக்கியில் ஏறும் சூடான காற்றால் சுழலும் விசிறிகளும் வந்தன. நாய்க்கு வேலை போனது. அந்த இனமே இப்போது இல்லை. வேல்ஸில் உள்ள அபர்கவென்னி அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்த 'விஸ்கி' என்ற நாய்தான் மிச்சம்.

கம்பி முறையில் இன்னொரு பெரிய தொல்லை எரிபொருள். திறந்த நெருப்பின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். இதைப் பார்த்து வயிறெரிந்தவர் பெஞ்சமின் தாம்ப்சன். 1753ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தார். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டன் பக்கம் நின்றதால் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பிறகு ஜெர்மனியில் பவேரிய ஆட்சியாளரிடம் வேலை பார்த்து 'கவுண்ட் ரம்ஃபோர்ட்' என்ற பட்டம் வாங்கினார். மியூனிக் நகரப் பிச்சைக்காரர்களுக்கு வேலையும் சாப்பாடும் கொடுக்கும் இல்லத்தை நடத்தியபோதுதான் குறைந்த விறகில் எப்படிச் சமைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார். (பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது வரும் சூட்டை வைத்து வெப்பம் என்றால் என்ன என்று ஆராய்ந்தவரும் இவரே. பள்ளி இயற்பியலில் எங்காவது எட்டிப் பார்த்திருப்பார்.)

1799ல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் தொடங்கக் காரணமாக இருந்த ரம்ஃபோர்ட், அதே காலத்தில் 'ரோஸ்டர்' என்ற ஒன்றையும் செய்தார். செங்கல் கட்டுக்குள் படுக்க வைத்த ஓர் இரும்பு உருளை, அடியில் சிறிய நெருப்பு. இதில் முக்கியமான விஷயம், உருளைக்குள் திறக்கும் இரண்டு ஊதுகுழாய்கள். மூடிய ஓவனில் இறைச்சி தன் சொந்த நீராவியிலேயே வெந்துவிடுகிறது. மேல்பக்கம் ஈரமாக இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் அந்த மணமும் வர அதைவிட நிறையச் சூடு வேண்டும். ரம்ஃபோர்ட் கடைசிக் கட்டத்தில் குழாய்களைத் திறந்து காய்ந்த சூடான காற்றை உள்ளே விட்டு, நீராவியை மேலே வெளியேற்றினார். மேல்பக்கம் காய்ந்தது, சிவந்தது. ஒரே ஆட்டின் இரண்டு தொடைகளை எடுத்து, ஒன்றைக் கம்பியிலும் மற்றதை ரோஸ்டரிலும் சமைத்து எடை போட்டும் பார்த்தார். ரோஸ்டரில் வெந்தது சுமார் 6 சதவீதம் கூடுதல் எடை. சாப்பிட்டவர்களுக்கும் அதுதான் பிடித்ததாம். (ஆராய்ச்சி செய்தவரே விருந்தும் வைத்தால் யார்தான் வேறு மாதிரி சொல்வார்கள் என்பது என் சந்தேகம்.)

கணக்குப்படி ரம்ஃபோர்ட் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் செங்கல் கட்டி, குழாய் பொருத்தி, பழக்கப்பட்ட சமையல்காரரையும் மாற்றுவது யாருக்கும் லேசாக இல்லை. வீடுகளுக்குள் நுழைந்தது அதைவிட மோசமான ஒரு பொருள்: வார்ப்பிரும்பு அடுப்பு. 1780ல் தாமஸ் ராபின்சன் காப்புரிமை வாங்கியதில் நடுவில் நெருப்பு, பக்கத்தில் இரும்பு ஓவன். நெருப்புப் பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. 1802ல் எக்சிட்டர் ஊரின் ஜார்ஜ் பாட்லி மேல்பக்கம் மூடிய அடுப்பைக் கொண்டு வந்தார். இவை நிலக்கரியை விழுங்கின, தினமும் கருப்பு மெருகு போட்டுத் தேய்க்கவும் வேண்டும். யார் தேய்த்தது? விடியற்காலையில் எழுந்த வேலைக்காரச் சிறுமிதான். நாய் போனது, சிறுமி வந்தாள்.

இதுவும் வசதி உள்ளவர் வீட்டுக் கதைதான். நகரத்து ஏழை வீட்டில் ஓவனே கிடையாது. அவர்கள் என்ன செய்தார்கள்? ரொட்டிக் கடைக்குக் கொண்டு போனார்கள். கடையின் பெரிய செங்கல் அடுப்பு ஞாயிற்றுக்கிழமையும் சூட்டோடு இருக்கும். தட்டில் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் வைத்துக் கொடுத்து, சிறிய கூலியும் கொடுத்தால், மதியம் வெந்ததை வாங்கிக்கொண்டு போகலாம். 1843ல் வந்த டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கரோல்' படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வாரம் 15 ஷில்லிங் சம்பளக்காரரான பாப் கிராட்சிட் வீட்டு வாத்து வெந்தது ரொட்டிக் கடையில்தான். பிள்ளைகள் போய் எடுத்து வருகிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. 1830களில் சர் ஆண்ட்ரூ அக்னியூ என்ற நாடாளுமன்ற உறுப்பினர், ஞாயிற்றுக்கிழமை எந்தத் தொழிலும் நடக்கக் கூடாது என்று மசோதா மேல் மசோதாவாகக் கொண்டு வந்தார். ஓய்வுநாளைக் காப்பாற்றுகிறாராம். ரொட்டிக் கடை மூடினால் யாருக்கு நஷ்டம்? சொந்த ஓவனும் சமையல்காரரும் உள்ளவர் வீட்டில் ரோஸ்ட் வழக்கம்போல் வரும். வாரத்தில் ஒரே ஒரு நாள் சூடான இறைச்சி சாப்பிடுகிற குடும்பத்துக்குத்தான் அடி. டிக்கன்ஸ் 1836ல் இதை எதிர்த்து ஒரு சிறு நூலையே புனைபெயரில் எழுதினார். மசோதாக்கள் நிறைவேறவில்லை. 'கிறிஸ்துமஸ் கரோலில்' ஸ்க்ரூஜ் ஆவியிடம் இந்தக் கடையடைப்பைப் பற்றிச் சண்டைக்குப் போகிற இடம் ஒன்று உண்டு. பின்னணி தெரியாமல் படித்தால் ஏன் அந்தப் பேச்சு வருகிறது என்றே புரியாது. வாத்து வாங்குவதற்கே வாராவாரம் சில்லறை கட்டும் சங்கங்களும் இருந்தன. நம் ஊர் தீபாவளிச் சீட்டேதான்!

ஏழை வீட்டுக்குள் ஓவனைக் கொண்டுவந்தது எரிவாயு. 1841ல் லண்டன் ரிஃபார்ம் கிளப்பில் அலெக்சி சோயர் என்ற பிரெஞ்சுச் சமையல் நிபுணர் எரிவாயு அடுப்புகளை வைத்துவிட்டார். ஆனால் சாதாரண மக்கள் பல வருடம் பயந்தார்கள், இறைச்சியில் வாயு வாசனை ஏறிவிடும் என்று. பிறகு தெருவுக்கும் வீட்டுக்கும் மின்விளக்கு வர ஆரம்பித்தது. விளக்கை நம்பியே இருந்த எரிவாயுக் கம்பெனிகள் கலங்கிப்போய்ச் சமையலறைப் பக்கம் திரும்பின. அடுப்பை வாடகைக்கு விட்டன. 1890களில் காசு போட்டால் அந்தக் காசுக்கு மட்டும் வாயு விடும் மீட்டர் பரவியது. மொத்தமாகப் பில் கட்ட முடியாத குடும்பமும் ஒரு பென்னி போட்டு ஓவனை ஏற்றலாம். இன்றைய பிரீபெய்டு ரீசார்ஜுக்கு இது தாத்தா.

அப்போதும் ஓவனுக்குள் எவ்வளவு சூடு என்பது ஊகம்தான். உள்ளே ஒரு காகிதத்தை வைத்து எவ்வளவு வேகமாகப் பழுக்கிறது என்று பார்ப்பார்கள். 1923ல் 'ரெகுலோ' வந்தது. சூட்டில் நீளும் பித்தளைக் குழாயையும் அவ்வளவாக நீளாத ஒரு கம்பியையும் சேர்த்து வைத்தார்கள். குழாய் நீண்டதும் வாயு வழி சுருங்கும். குமிழில் எண்கள். 4 என்றால் சுமார் 180 டிகிரி. இன்றும் பிரிட்டிஷ் சமையல் புத்தகங்களில் 'கேஸ் மார்க் 4' என்று வருவது இதுதான். இறைச்சியை உள்ளே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்ற சுதந்திரம் பெண்களுக்குக் கிடைத்தது இந்தக் குமிழால்.

ஓவன் வந்தது, இறைச்சி போனது. 1940 மார்ச்சில் போர்க்கால ரேஷன் இறைச்சிக்கும் வந்தது. சர்க்கரை, வெண்ணெய் மாதிரி எடைக்கணக்கு இல்லை, விலைக்கணக்கு. முதலில் ஆளுக்கு வாரம் 1 ஷில்லிங் 10 பென்ஸ், பிறகு 1 ஷில்லிங் 2 பென்ஸ் என்று குறைந்தது. மலிவான பகுதியை வாங்கினால் அதிக எடை, நல்ல பகுதி வேண்டுமானால் ஒரு துண்டுதான். எதை விட்டு எதை எடுப்பது என்ற முடிவைக் குடும்பத்திடமே விட்டது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நினைக்கிறேன். குடும்பம் முழுவதும் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த ரேஷன்தான் ஞாயிறு மதிய ரோஸ்ட். மிச்சம் திங்கட்கிழமை ஆறிய கறி.

போர் 1945ல் முடிந்தது. இறைச்சி ரேஷன் முடிய இன்னும் ஒன்பது வருடம் ஆனது. 1954 ஜூலை 4. அன்றைக்கு லண்டன் இல்லத்தரசிகள் சங்கத்தினர் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடிக் கொண்டாடினார்கள். ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையோ வழக்கமான காலை 6 மணி வரை காத்திருக்கவில்லை. நள்ளிரவே கதவைத் திறந்துவிட்டார்கள்.