முதுகில் ஒரு குத்து

மூன்று நாளாக இடுப்புக்கு மேலே வலது பக்கம் மட்டும் வலி. குர்காவ் ஆபீஸில் ஒன்பது மணி நேரம் உட்காரும் ஜென்மத்துக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நாற்காலியைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். தெருமுனை மருந்துக்கடைக்காரர் வலி மாத்திரையும் ஒரு தைலமும் கொடுத்தார். சென்னையிலிருந்து அம்மா போனில், "சூடு புடிச்சிருக்கும்டி. நீர் கடுக்குதா?" என்றாள். கடுத்தது. போன வாரமே கடுத்தது. இல்லை என்றேன். பக்கத்தில் ரூம்மேட் இருந்தாள்; தவிர, அதற்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?

நாலாம் நாள் பல் கிட்டும் குளிர்ஜுரம். இந்தப் பக்கம் செப்டம்பரில் நடுங்கினால் மலேரியா, இல்லாவிட்டால் டெங்கு என்பார்கள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு, என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார். கடைசி விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் மூலையில் உள்ளங்கையை வைத்து, அதன் மேல் முஷ்டியால் ஒரு குத்து. இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம் நான் போட்ட அலறல் வராண்டா வரை கேட்டிருக்கும்.

"முதுகு இல்லை, கிட்னி" என்றார்.

படுத்துக் கிடந்த வாரத்தில் அந்தக் குத்தின் பூர்வீகத்தைத் தேடினேன். அதுதான் இந்தப் பதிவு.

வலி முதுகில், நோய் சிறுநீரகத்தில் என்பது புதுசு இல்லை. ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களிலேயே சிறுநீரக நோய் நாலு வகை என்று பிரித்து, சீழ் கட்டி வெளியே வீங்கினால் அங்கேயே கீறச் சொல்லியிருக்கிறது. மயக்க மருந்து இல்லாத காலம்! (எழுதும்போதே வலிக்கிறது.) வீங்குவதற்கு முன்னால் கண்டுபிடிப்பது எப்படி? பாரிஸ் ஷாரித்தே ஆஸ்பத்திரியில் பியர் ரேயே நோயாளிகளின் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். 1837 முதல் 1841 வரை சிறுநீரக நோய்கள் பற்றி மூன்று பாகம் எழுதினார். சிறுநீரகத்தின் உள்ளறையில் வரும் அழற்சிக்கு 'பைலைட்டிஸ்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஆனால் அதைக் கிளப்பும் ஆசாமி யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1885ல் தியோடர் எஷெரிஷ் குழந்தைகளின் மலத்தில் கண்ட குச்சி வடிவக் கிருமி, இன்றைய ஈ.கோலை, பெரும்பாலும் அந்த ஆசாமி. குடலில் சாதுவாக இருப்பது, மூத்திரப்பைக்குள் புகுந்து மேலே ஏறுகிறது. பெண்களுக்கு மூத்திரக்குழாய் குட்டை என்பதால் அதற்கு வழி சுருக்கம். என் நீர்க்கடுப்பு முதல் படி, முதுகு வலி மேல் படி. அம்மா சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள்.

அந்தக் குத்துக்கு சிகாகோ சர்ஜன் ஜான் மர்ஃபி (1857-1916) பெயர். 1912ல் துப்பாக்கிக் குண்டு பட்ட தியோடர் ரூஸ்வெல்ட்டைக் கவனித்தவர்களில் ஒருவர். இத்தாலிக்காரர்கள் தங்கள் டேவிடே ஜோர்தானோ பெயரைச் சொல்வார்கள். விஷயம் எளிது. சிறுநீரகத்தின் சதைக்கு வலி தெரியாது. அது வீங்கும்போது மேலே போர்த்திய உறை இழுபடுகிறது, அதற்குத் தெரியும். அந்த நரம்புகளும் விலாப்புறத்துத் தோலின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே இடத்துக்குப் போவதால் மூளை குழம்பி முதுகைக் காட்டுகிறது. நாற்காலி வலி புரண்டு படுத்தால் கொஞ்சம் மாறும். என்னுடையது எப்படிப் படுத்தாலும் மாறவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

சிறுநீர் கல்ச்சரில் 'ஒரு லட்சத்துக்கு மேல்' என்று வந்தது. இந்த ஒரு லட்சக் கணக்கு 1956ல் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் போட்டது: ஒரு மில்லிலிட்டரில் அவ்வளவு கிருமி இருந்தால் அது வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு இல்லை, நிஜத் தொற்று.

மருந்துக் கதை இன்னும் சுவாரசியம். 1935ல் டோமாக் அறிவித்த சல்ஃபா மருந்துதான் பெரிய திருப்பம். 1962ல் வந்த நாலிடிக்சிக் அமிலம், மலேரியா மருந்தான குளோரோகுவின் தயாரிக்கும்போது கிடைத்த உபபொருளிலிருந்து பிறந்தது. அதன் வாரிசுதான் நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் முழுங்கிய சிப்ரோஃப்ளாக்சசின். முழுங்கி முழுங்கி, என் ரிப்போர்ட்டில் அதற்கு நேரே 'ஆர்', அதாவது வேலை செய்யாது.

அங்கேதான் வயிற்றைப் பிசைந்தது. 2008ல் இந்தியாவில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், கடைசிப் பிரம்மாஸ்திரமான கார்பபெனம் மருந்துகளையே உடைக்கும் கிருமி கிடைத்தது. உடைக்கும் நொதிக்கு 2009ல் புதுடெல்லியின் பெயரையே சூட்டி என்டிஎம்-1 என்றார்கள். இங்கே பெரிய கோபம். அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010ல் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளில் சென்னையில் 44, ஹரியானாவில் 26. நான் பிறந்த ஊர், நான் பிழைக்கும் ஊர், இரண்டும் அந்தப் பட்டியலில். 2011ல் டெல்லிக் குழாய்த் தண்ணீர் மாதிரி 50ல் இரண்டிலும், தேங்கிய நீர் மாதிரி 171ல் 51லும் அந்த மரபணு இருந்தது.

அதனால் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடியது கார்பபெனம் வரியைத்தான். 'எஸ்' என்று இருந்தது. அதுவரைக்கும் போகாமலே, பத்து நாள் வேறு ஊசியில் ஜுரம் இறங்கியது. அம்மாவிடம் கடுத்ததை ஒப்புக்கொண்டேன். ஒரு வாரம் திட்டினாள்.